பிரிக்காத பொட்டலம்

அப்பாசாமி காபியை ஆற்றிக்கொண்டே மனைவி ஜோதியம்மாளிடம் கேட்டார்.

"எல்கேம்மா இத்தினி வருசமா நமக்கு இன்னா குடுத்திருக்குது? அத வச்சித்தான அது வூட்டுக்கு நாம இன்னா கொண்டுபோறதுன்னு முடிவு பண்ண முடியும்."

நியாயமான கேள்விதான். கல்யாணமோ காதுகுத்தோ, ஒருவர் நமக்குச் செய்ததைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கு ஒரு படி மேலே திருப்பிச் செய்வதுதான் முறை. குறைந்தால் கேவலம். ரொம்பக் கூடினால் திமிர் என்பார்கள். ஜோதியம்மாள் எழுந்துபோய் பீரோவைத் திறந்து பார்த்தாள். மேல்தட்டில் கட்டாத புடவைகளும், போன பொங்கலுக்கு வந்த ஒரு பிரிக்காத போர்வையும் இருந்தன. எல்கே கொடுத்த பொட்டலங்களில் ஒன்றுகூட இல்லை. இருக்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் துணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

எல்கே ஜெர்மன்காரி, ஓய்வு பெற்ற டீச்சர். வருடா வருடம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்து, ஆசிரமத்துக்குப் பின்சந்தில் இருக்கும் ஜோதியம்மாள் வீட்டு மாடியறையில் தங்குவாள், வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். நல்ல உயரம். மாடியறை நிலைப்படியில் தலை இடிக்காமல் அவள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவாள். ஜோதியம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, நேராகக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "காப்பி சாப்புடுறீங்களா?" என்பாள். கொடுத்தவர் முகத்துக்கு எதிரிலேயே பொட்டலத்தைப் பிரிப்பது, அது எவ்வளவு பெறும் என்று எடை போடுவது மாதிரி. அவளை அப்படி வளர்க்கவில்லை. எல்கே காபி குடிப்பாள், பீரோவைப் பார்ப்பாள், இன்னொரு காபி கேட்பாள்.

எல்கே மாடிக்குப் போனபிறகாவது பிரித்திருக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் அப்படி. கருநீலத்தில் வெள்ளி நட்சத்திரம், இஸ்திரி போட்டது போன்ற மடிப்பு, சுருண்டு தொங்கும் ரிப்பன். அதைக் கிழிக்க ஜோதியம்மாளுக்கு மனசே வராது. பிரிக்காமல் இருந்தால் அது ஒரு கௌரவம், பிரித்துவிட்டால் உள்ளே இருப்பது என்னவோ அதுதான். அப்புறம் யார் வீட்டு விசேஷமாவது வரும். எல்லோரும் சில்வர் தட்டும் குத்துவிளக்கும் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு வெளிநாட்டுப் பொட்டலத்தோடு போய் நிற்கிற சுகம் சாமானியமானதா? மேலே பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எப்படிம்மா கொடுக்கிறாய் என்று மகள் இனியா சண்டை போட்டிருக்கிறாள். வெளிநாட்டுச் சாமான், நல்லதாகத்தான் இருக்கும் என்பது ஜோதியம்மாளின் பதில்.

இந்த வருடம் எல்கே வரவில்லை. முட்டியில் ஆபரேஷன். அதற்குப் பதிலாக இவர்கள் இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்துவிட்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தன் சொந்தத் தமிழில் போனில் பேசி அனுப்பியிருந்தாள். "ஜோதி, நீ வா. அப்பாசாமி கூட்டிட்டு வா. என் வீட்டுல தங்கு. ஒண்ணும் கொண்டு வராத. சாம்பார் பொடி மட்டும் கொண்டு வா."

ஒன்றும் கொண்டு வராதே என்பதை இவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வார்கள், அப்படிச் சொல்லாதவர்கள் வீட்டுக்கு யார் போவார்கள்? அப்பாசாமியை உறுத்தியது சாம்பார் பொடிதான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொட மாட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"முட்டி ஆபரேசன் பண்ணிக்கினு படுத்திருக்குது. நம்மளக் கூப்புடுது. சாம்பார் பொடியும் கேக்குது. ஏன் ஜோதி, நீ விருந்தாளியா போறியா, சமையலுக்குப் போறியா?"

அவர் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஜோதியம்மாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடமும் எல்கேவுக்கு மாடிக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனது அவள். அறையைப் பெருக்கியது அவள். அங்கே போனால் மட்டும் அது எப்படி மாறிவிடும்? இந்த ஊரிலேயே சில வீடுகள் உண்டு. எதைக் காட்டி உட்காரச் சொல்கிறார்கள் என்பதிலேயே நாம் யார் என்று சொல்லிவிடுவார்கள். எல்கே வீட்டில் தனக்கு நாற்காலியா, அடுப்படியா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வெறும் பொடியோடு போனால் அடுப்படிதான். சரியான ஒரு பொருளோடு போய் நின்றால், கூப்பிட்டுத்தான் வந்தோம், கூலிக்கு வரவில்லை என்பது வாயைத் திறக்காமலே தெரிந்துவிடும். ஆனால் சரியான பொருள் எது என்று தெரிய, எல்கே தன்னை என்னவாக நினைத்து என்ன கொடுத்தாள் என்று முதலில் தெரிய வேண்டும். அது நாலு பேர் வீட்டில் இருந்தது.

எந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்குப் போனது என்பது அவளுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. ஆரணிக்குப் போனதைத் தூரம் என்று விட்டுத்தள்ளினாள். நட்சத்திரக் காகிதம் போட்டது பூக்கடை முருகவேல் மகனின் காதுகுத்துக்குப் போயிருந்தது. மறுநாள் அரை முழம் பூ வாங்கும் சாக்கில் முருகவேல் வீட்டுக்குப் போனாள். எப்படிப் பேச்சை எடுப்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் பையனே ஓடி வந்தான். சித்திரை வெயில் சுவரைப் பிளக்கிற நேரத்தில் தலையில் தடியான கம்பளித் தொப்பி. உச்சியில் ஒரு நூல் பந்து. இரண்டு பக்கமும் ஓட்டை, ஓட்டை வழியாக இரண்டு காதுகளும் கடுக்கனோடு வெளியே நின்றன. முருகவேலின் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. காது குத்தின பிள்ளைக்குக் காது தெரிகிற மாதிரி ஒரு தொப்பி கொடுக்க வேண்டும் என்கிற யோசனை வேறு யாருக்கு வரும், எங்கள் அம்மா வீட்டில்கூட இப்படிச் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கழற்றவே விடமாட்டேன் என்கிறானாம். ஒரு ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிது, அதனால் என்ன.

ஜோதியம்மாள் அதைப் படம் எடுத்து இனியாவுக்கு அனுப்பினாள். சென்னையில் வேலை பார்க்கும் இனியா ஆபீஸ் என்றும் பார்க்காமல் போன் போட்டுச் சிரித்தாள். அது டீ கெட்டிலுக்குப் போடுகிற உறையாம். டீ ஆறாமல் இருப்பதற்காம். பெரிய ஓட்டை பிடிக்கு, சின்ன ஓட்டை மூக்குக்கு. டீக்குச் சட்டை போடுகிற ஊரில் மனுஷனுக்கு என்ன குளிர் அடிக்கும் என்று அப்பாசாமி கவலைப்பட்டார். பிறகு, இதன் மதிப்பு கம்மிதான், ஒரு நல்ல துண்டு வாங்கிக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார்.

சிவப்புக் காகிதம் போட்டது வேங்கிக்காலுக்குப் போயிருந்தது, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் சக்கரபாணியின் புதுமனை புகுவிழாவுக்கு. அங்கே உள்ளே போகவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே தெரிந்தது. வாசலுக்கு மேலே, மற்ற வீடுகளில் பூசணிக்காய் தொங்குகிற இடத்தில், ஒரு மரச் சிப்பாய் தொங்கினான். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தாடி, முழங்கை அளவு உயரம், வாய் நிறைய பல். கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் படிகாரமும் கோத்துக் கட்டியிருந்தது. சக்கரபாணி ஸ்டூல் போட்டு ஏறி, பொம்மையின் முதுகில் இருந்த கட்டையை இழுத்துக் காட்டினார். வாய் பிளந்து டக்கென்று மூடிக்கொண்டது.

இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் திருஷ்டி பொம்மை இருக்கிறது, ஆனால் வாய் அசைகிறது இது ஒன்றுதான் என்றார் அவர். இதை மாட்டிய பிறகுதான் எதிர்வீட்டுக்காரர் வேலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாராம். பிரமோஷனும் வந்ததாம். எங்கே வாங்கினீர்கள், என் மச்சானுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். எல்லாம் சொல்லி வைத்துச் செய்வது என்று ஜோதியம்மாள் முணுமுணுத்தாள். அது கொட்டைகளை வாயில் வைத்து உடைக்கிற பொம்மை என்று இனியா சொன்னபோது, பிரமோஷனையே வாங்கிக் கொடுத்த பொம்மைக்குக் கொட்டை உடைப்பது ஒரு வேலையா என்று அப்பாசாமிக்குத் தோன்றியது. மரம் நல்ல மரம், வேலைப்பாடு ஜாஸ்தி. துண்டு போதாது, பட்டுப்புடவைதான் என்று மாற்றிச் சொன்னார். ஆறடி எல்கேவுக்குப் புடவை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும் என்பதை ஜோதியம்மாள் சொல்லவில்லை. அவள் மனம் அதில் இல்லை. டீ உறையும் பொம்மையும் எல்கே யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக் கூடியவை. அவற்றில் ஜோதி என்கிற ஆளே இல்லை.

மிச்சமிருந்தது பெரிய தட்டைப் பொட்டலம். அது அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன் மாறனின் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அந்த வீட்டுக்குப் போகத்தான் ஜோதியம்மாளுக்குக் கால் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாறன் மனைவி கீர்த்தனா அவளிடம் ஒட்டாமல்தான் பேசுகிறாள். விசேஷ வீடுகளில் இவள் கடந்து போனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வெள்ளைக்காரர்கள் வீட்டில் தங்குகிறார்களே என்கிற வயிற்றெரிச்சல் என்று ஜோதியம்மாள் நினைத்திருந்தாள். அப்பாசாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், ஜூஸ் குடித்து, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

கீர்த்தனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்த, நீங்களே கேட்டதால சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத்துக்கு யாராவது தன்னோட போட்டோவையே குடுப்பாங்களா?"

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, இரண்டு வீட்டு ஜனமும் சுற்றி உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரிதாக இருந்ததைக் கடைசியில் பிரிக்கலாம் என்று மாமனார்தான் சொன்னாராம். காகிதத்தை எடுத்தால் உள்ளே கண்ணாடி போட்ட சட்டத்தில் ஜோதி அத்தை, ஆளுயரத்தில் பாதி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. மாட்டுவதா என்றால் எந்த முறையில் மாட்டுவது? தூக்கிப் போடலாமா என்றால் உயிரோடு இருக்கிறவர் படம், குப்பையில் போடக்கூடாது. சட்டம் நல்ல சட்டமாக இருந்ததால் தங்கள் கல்யாணப் படத்தை அதன் மேலேயே வைத்து மாட்டிவிட்டார்கள்.

"பின்னாடிதான் இருக்கீங்க, அத்த. கல்யாணம் ஆனதுலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் பின்னாடியே இருக்கீங்க."

சுவரில் மாலையும் கழுத்துமாக மாறனும் கீர்த்தனாவும் நின்றிருந்தார்கள். கீர்த்தனா அதை இறக்கித் தரையில் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளைக் கத்தி முனையால் நிமிர்த்தினாள். அட்டை வந்தது. அடுத்து ஜோதியம்மாள் வந்தாள்.

மொட்டைமாடி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைமுடியை வெயிலில் விரித்துப் போட்டிருக்கிறாள். பாயில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கையில் பாதி கடித்த கொய்யா. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு அந்த நாள் உடனே நினைவுக்கு வந்தது. எல்கேயின் செருப்பை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துத் தூக்கி எறிந்தது. அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எத்தனையோ வெள்ளைக்காரர்கள் அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். கோலம் போடும்போது, காய் நறுக்கும்போது, குடம் தூக்கும்போது. எல்லாவற்றிலும் அவள் குனிந்திருப்பாள்.

அப்பாசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"உக்காந்துக்கினு இருக்கிற," என்றார். பிறகு, "எப்ப உக்காந்த நீ?" என்றார்.

ஜோதியம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வருடம் எல்கே பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு மூன்று காபி குடித்தாள். "ஜோதி, பிரி" என்றுகூடச் சொன்னாள். "அப்பறம்" என்று பீரோவைப் பூட்டியது இவள்தான். அடுத்த வருடம் வந்ததும் எல்கே இவர்கள் வீட்டுச் சுவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அதற்கடுத்த வருடமும் பார்த்தாள். சுவர் அழுக்காக இருக்கிறது என்று நினைக்கிறாளோ என்று ரோஷப்பட்டு, அப்பாசாமியைப் படுத்தியெடுத்து ஜோதியம்மாள் இரண்டு முறை வெள்ளையடித்தாள். அந்த மனுஷி எதைத் தேடினாள் என்று இப்போது தெரிந்தபோது அழுகை வந்தது. கீர்த்தனா எதற்கென்று புரியாமல் இன்னொரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இந்த முறை ஜோதியம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

படத்தைக் கொடுத்தார்கள். சட்டத்தைக் கொடுக்கவில்லை. அட்டையில் ஒட்டிய படம் என்பதால் சுருட்டவும் முடியாமல், ஷேர் ஆட்டோவில் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த வார்டுல நிக்கிறீங்கம்மா என்று மரியாதையாகக் கேட்டார். ஜெர்மனி என்றார் அப்பாசாமி.

அதோடு பட்டுப்புடவைப் பேச்சு போயிற்று. ஜோதியின் படத்தைக் கொடுத்தவளுக்கு அவள் படத்தைத் தருவதுதான் முறை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அளவில் ஒரு அங்குலமாவது கூட இருக்க வேண்டும் என்று அப்பாசாமி சொன்னார். சண்டை வந்தது எந்தப் படம் என்பதில்தான். இனியாவின் போனில் எல்கே நிறைய இருந்தாள். கோபுரத்துக்கு முன்னால் கும்பிட்டபடி, பசுமாட்டோடு, நெற்றி நிறைய குங்குமத்தோடு. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல் நின்றாள். ஜோதியம்மாள் தேர்ந்தெடுத்தது வேறொன்று. ஒரு மதியம் கரண்ட் போனபோது எடுத்தது. இவர்கள் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலைப் போட்டு, விசிறியை வயிற்றில் வைத்துக்கொண்டு எல்கே தூங்குகிறாள். வாய் குகை மாதிரித் திறந்திருக்கிறது.

"கட்டின பல்லு வரைக்கும் தெரியுது ஜோதி. விருந்தாளியா போயி ஆள அசிங்கப்படுத்திட்டு வரவா? அப்பறம் அடுப்படிகூடக் கெடைக்காது."

"மத்ததுல எல்லாம் அது ஊர் பாக்க வந்திருக்குதுங்க. இதுலதான் நம்ம வூட்ல இருக்குது."

அப்பாசாமி ஒத்துக்கொண்டார். ஸ்டுடியோ திருமலைதான் விடவில்லை. கம்ப்யூட்டரிலேயே வாயை மூடிவிடலாம், ரெண்டு நிமிட வேலை என்றார். பின்னால் மலையும் தீபமும் போட்டுத் தருகிறேன் என்றார். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாமா என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, தானே வேண்டாம் என்றார். ஜோதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் வேண்டாம், வாய்கூட அப்படியே இருக்கட்டும் என்றாள். தங்க நிறக் காகிதம் வாங்கி அவளே சுற்றினாள். பிரிக்க யோசிக்க வேண்டும் என்பதற்காக டேப்பை நாலு சுற்றுச் சுற்றினாள். சாம்பார் பொடியும் அரைத்தாள், கேட்டதற்கு இரண்டு மடங்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாசாமி ஒரு பட்டுப்புடவையைப் பெட்டியின் அடியில் சொருகி வைத்திருந்தது விமானம் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

எல்கே ஒரு கைத்தடியோடு வாசலுக்கு வந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். அப்பாசாமி கட்டிப்பிடிப்பில் மாட்டி விறைத்துப்போனார். ஜன்னலோரம் இருந்த பெரிய நாற்காலியில் ஜோதியம்மாளைப் பிடித்து உட்கார வைத்தாள் எல்கே. உட்கார்ந்தவள் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்படியிலிருந்து எதுவோ தீய்கிற வாசனை வந்தது. ஜோதியம்மாள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எல்கே தோளை அழுத்தித் திரும்ப உட்கார வைத்துவிட்டு, தானே நொண்டிக்கொண்டு போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அப்போதே கொடுத்துவிடுவது நல்லது என்று ஜோதியம்மாளுக்குத் தோன்றியது. பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். எல்கே வாங்கிக்கொண்டாள், தட்டிப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அப்பறம் எல்கேம்மா. அப்பறம் பிரிக்கலாம்."

"இல்ல ஜோதி. இப்ப."

தான் கொடுத்த பொட்டலம் ஒன்று பிரிக்கப்படுவதை ஜோதியம்மாள் அதுவரை பார்த்ததில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்பாசாமி சுவர்ப்பக்கம் திரும்பி சுவிட்சு போர்டை ஆராய ஆரம்பித்துவிட்டார். நாலு சுற்று டேப்பையும் எல்கே பொறுமையாக வெட்டினாள். காகிதம் மேலிருந்து இறங்கியது. முதலில் நரைத்த முடி தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு மூடிய இரண்டு கண்கள். எல்கேயின் கை ஒரு கணம் நின்றது. மிச்சக் காகிதத்தை அவள் ஒரே இழுப்பாக இழுத்தாள். படத்தில் அகலத் திறந்திருந்த வாய் வெளியே வந்தது. அதற்கு மேலே எல்கேயின் வாயும் அதே அகலத்துக்குத் திறந்துகொண்டது. அதிலிருந்து இன்னும் சத்தம் ஒன்றும் வரவில்லை.